முந்திரிகை அறுவடை: பழுத்த பின்னரே குலையை வெட்டுக

கமக்காரர்களே,

மாங்காயையும் வாழைக்குலையையும் முற்றிய பருவத்தில் வெட்டி வீட்டில் வைத்தாற் பழுக்கும். முந்திரிகை அவ்வாறு பழுப்பதன்று. கொடியிலிருந்து வெட்டிய வேளையில் அதில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ, அவ்வளவே இறுதிவரை இருக்கும். ஆகவே புளிப்பாக வெட்டிய குலையைப் பின்னர் திருத்த வழியில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டே அறுவடை வேலைகள் யாவற்றையும் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டு நிலங்களில், சிறப்பாக வலிகாமப் பகுதியில், நெல்லும் மரக்கறியும் செய்யும் குடும்பங்கள் பல தோட்டத்தின் ஒரு பகுதியில் முந்திரிகைப் பந்தலும் வைத்திருக்கின்றன. அவர்களுக்காகவும், புதிதாகப் பந்தலிட எண்ணுவோருக்காகவும் இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

பிறநாட்டுச் சிறு குடும்பங்களின் முறை

பிரான்சு, இத்தாலி, யேர்மனி ஆகிய நாடுகளில், தமது சொந்தத் தோட்டத்துப் பழத்தைக் கொண்டே வைன் செய்யும் சிறு குடும்பங்கள் பல உள. அங்கு கொடி ஆண்டுக்கு ஒரு முறையே காய்க்கும். அறுவடை பெரும்பாலும் செத்தெம்பர், ஒற்றோபர் மாதங்களில் நடைபெறும். அந்தச் சில வாரங்களில் வீட்டிலுள்ளார் அனைவரும் தோட்டத்தில் இறங்குவர். அறுவடைக்கு முன்னர் ஒவ்வொரு பாத்தியிலும் பழத்தைச் சுவைத்தும், சாற்றின் சீனிச்சத்தைக் கருவியால் அளந்தும் நாள் குறிப்பர். ஓர் இலீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தாலே நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரம் உண்டாகும். எனவே பழத்தில் இனிப்புக் குறைந்தால் வைனும் வலுவற்றதாகும். பழத்திலுள்ள குறையைப் பீப்பாவில் நிவிர்த்தி செய்தல் அரிது என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். நாம் பழமாகவே விற்பவர்களாயினும் அப்பாடம் நமக்கும் பொருந்தும்.

அறுவடை நாளைக் குறிப்பது கத்தரிக்கும் நாளே

நமது நாட்டில் முந்திரிகைக் கொடியைக் கத்தரித்த நாளிலிருந்து ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு மாதங்களிற் பழம் அறுவடைக்கு வரும். ஆண்டுக்கு இரு போகம் எடுத்தல் இயலும். ஆயின் இரண்டாம் போகம் ஐப்பசி மழையில் அகப்படாதவாறு கணக்கிடுதல் வேண்டும். பழுக்கும் வேளையில் மழை பெய்தாற் பழங்கள் வெடிக்கும், பங்கசு நோய்கள் பரவும், குலைகள் அழுகும். நான்கு மாத உழைப்பு ஒரு கிழமையில் வீணாகும்.

தைத் தொடக்கத்திற் கத்தரித்தால் வைகாசித் தொடக்கத்தில் முதற்போகம் முடியும். கொடிக்கு மூன்று நான்கு கிழமை ஓய்வு கொடுத்துப் பசளையிட்டு, வைகாசி இறுதியில் மீண்டும் கத்தரித்தாற் புரட்டாதியில் இரண்டாம் போகத்தை வெட்டலாம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தை, மாசி மாதங்கள் காலபோக நெல் அறுவடைக் காலமாகும். வீட்டிலுள்ள கைகள் யாவும் வயலில் இருக்கும். நெல்லை வீடு சேர்த்த பின்னர் பந்தலைப் பார்ப்போம் என்று ஒரு மாதம் தாமதித்தால், அந்தத் தாமதம் இரண்டாம் போகத்தை மழைக்குள் தள்ளிவிடும். ஆதலால் அரிவு வெட்டுத் தொடங்குமுன்னரே கத்தரித்தலை முடித்துக்கொள்க. மாசிக்கும் பிந்திவிட்டால் அவ்வாண்டு ஒரு போகத்துடன் அமைதலே நன்று. கத்தரித்த நாளை ஒரு கொப்பியிற் குறித்து வைக்கத் தவறாதீர்கள்.

பழுத்தமையை அறிதல்

நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. நன்கு கறுத்த பழமும் புளிப்பாக இருக்கலாம். பின்வருவனவற்றையும் கவனிக்க:

1. குலையின் நுனியிலுள்ள பழத்தைச் சுவைத்துப் பார்க்க. தோட்பகுதிப் பழம் முன்னும் நுனிப் பழம் பின்னுமே பழுக்கும். நுனி இனித்தாற் குலை முழுவதும் இனிக்கும்.

2. விதையுள்ள இனங்களில் விதை பச்சை நிறம் நீங்கிக் கபில நிறம் அடைந்திருத்தல் வேண்டும்.

3. வெயில் படும் குலை, நிழலிலுள்ள குலை ஆகிய இரண்டிலும் சோதிக்க.

சீனிச்சத்தை அளக்கும் கைக்கருவி கிடைக்குமாயின், உண்ணும் பழத்திற்கு 16 முதல் 18 பாகை பிறிக்ஸ் போதுமானது. வைனுக்கு 20 முதல் 24 பாகை வரை எதிர்பார்ப்பர்.

நிறம் ஏறியவுடன் வியாபாரி வந்து விலை பேசுவது வழக்கம். கையிற் காசு கிடைக்கிறதே என்று வெட்டிக் கொடுத்தால் இருவகையில் நட்டம் உண்டாகும். கடைசிக் கிழமைகளிலேயே பழம் பருத்து நிறை கூடும். அந்த நிறையை இழப்பீர்கள். புளித்த பழத்தை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கத் தயங்குவார். அந்த நற்பெயரையும் இழப்பீர்கள்.

அறுவடைக்கு முன்னர்

அறுவடைக்கு ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன் நீர்ப்பாய்ச்சலை நிறுத்துக. இதனால் இனிப்புக் கூடும். பழம் வெடிப்பதும் குறையும். மருந்து விசிறிய நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே, மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட நாட்கள் கட்டாயமாகக் கழிதல் வேண்டும். பழம் மென்மையாகத் தொடங்கியதும் பறவைகளும் வௌவால்களும் வரும். பந்தலுக்கு வலை இடுக.

வெட்டும் முறை

பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் வெட்டுக. மழை பெய்த நாளில் வெட்டலாகாது. குலைக்காம்பைப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுக. கையால் இழுத்து முறிக்க வேண்டாம். பழத்தின் மேலுள்ள வெண்படிவு அதற்கு இயற்கையான காப்பாகும், அதைத் துடைக்காதீர்கள். ஆழமற்ற பெட்டிகளில் ஓர் அடுக்காக வைத்து உடனே நிழலுக்குக் கொண்டு செல்க.

ஒருவர் வெட்ட, ஒருவர் சுமக்க, ஒருவர் நிழலிலிருந்து அழுகிய பழங்களையும் வெடித்த பழங்களையும் நறுக்கி நீக்குதல் நல்ல ஒழுங்காகும். அன்று விற்கவோ பிழியவோ கூடிய அளவை மட்டும் வெட்டுக. கொடியே பழத்திற்குச் சிறந்த களஞ்சியம்.

சாறு செய்தல்

குலையிலிருந்து உதிர்ந்த பழங்களையும் சிறு பழங்களையும் வீணாக்க வேண்டியதில்லை. அழுகாதவற்றை மட்டும் தெரிந்து கழுவி, காம்பு நீக்கி, எனாமல் அல்லது துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்திற் பிசைந்து மிதமாகச் சூடாக்கித் துணியால் வடிக்க. இரும்பு, செம்புப் பாத்திரங்கள் ஆகா. சுத்தமான போத்தல்களில் மேலே சிறிது இடம் விட்டு நிரப்பி, 80 முதல் 85 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் 30 நிமிடம் வைத்து, இறுக மூடி ஆறவிடுக. இவ்வாறு செய்யாவிடின் பழத்தோலிலுள்ள மதுவத்தினாற் சாறு ஓரிரு நாளில் நொதிக்கத் தொடங்கும். மூடிய போத்தல் வெடிக்கவும் கூடும்.

நொதித்த சாறு மதுபானமாகும். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்தல் குற்றமாகும் என்பதை நினைவிற் கொள்க.

முடிவாக

கத்தரிக்கும் நாளை மழையைக் கணக்கிட்டுக் குறிக்க. குலையை நுனிப்பழம் இனித்த பின்னரே வெட்டுக. இவ்விரண்டையும் கைக்கொண்டால் ஏனைய வேலைகள் எளிதாகும். உங்கள் தோட்டத்து மண்ணுக்கும் இனத்திற்கும் ஏற்ற ஆலோசனைகளை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். செல்லும்போது கத்தரித்த நாள் குறித்த கொப்பியையும் கொண்டு செல்க.