களிமண்ணில் பதக்க மாலை

பயிர்த்தொழிலையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் இடையே வேலையற்ற நாட்கள் அநேகம். அந்நாட்களில் அதிக மூலதனமின்றி வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்யத்தக்க கைத்தொழில்களுள் சுடுமண் பதக்க மாலை செய்வதும் ஒன்று. இது நமது நாட்டிற்குப் புதிதன்று. 2014-15இல் அகழ்வாய்வு தொடங்கப்பெற்ற கீழடியில் பண்டைக்காலச் சுடுமண் மணிகள் கிடைத்திருக்கின்றன. நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்தும் அவை கரையாமலிருப்பதற்கு, அவற்றைச் செய்தோர் நன்றாகச் சுட்டதே காரணம். இத்தொழிலில் மண்ணின் விலை சொற்பம். பொறுமையும் உழைப்புமே முதல். அவற்றைக் குறைத்தாலும் நஷ்டம். கணக்கில் சேர்க்காது விட்டாலும் நஷ்டமே.

மண்ணைப் பக்குவம் செய்தல்

ஏரி அல்லது குளத்து மண்ணை எடுக்குமுன் உரிய அதிகாரிகளிடம் உத்தரவு பெறுதல் அவசியம். மண்ணை உலர்த்தி, இடித்து, நீரில் கரைத்துக் கலக்கிச் சிறிது நேரம் விட்டால் மணலும் கல்லும் அடியில் தங்கும். மேலுள்ள கலங்கலைத் துணியில் வடிகட்டி, இரண்டு நாள் தெளியவிட்டு, தெளிந்த நீரை இறுத்துவிட வேண்டும். எஞ்சிய சேறு இறுகியதும் காற்றுக்குமிழ் இல்லாதபடி நன்றாகப் பிசையவேண்டும். உலரும்போது வெடிக்கும் மண்ணாயின் எட்டில் ஒரு பங்கு நுண்மணல் சேர்க்கலாம்.

மணியும் பதக்கமும்

ஒரு மாலைக்கு ஒரு பதக்கமும் 18 மணிகளும் போதும். மண்ணை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, எண்ணெய் தடவிய தென்னை ஈர்க்கைத் திருகிச் செலுத்தித் துளையிடுக. பதக்கத்திற்கு மண்ணைக் கால் அங்குல கனத்தில் தட்டி, ஒன்றரை அங்குல அகலத்தில் வட்டமாக வெட்டி, வேப்பிலையை அழுத்தி எடுத்தால் நரம்புகள் அழகாகப் பதியும். உலர்ந்து சுடுவதற்குள் மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குமாதலால், துளைகளைச் சற்றுப் பெரிதாகவே இடவேண்டும். பதக்கத்தின் துளை மணியின் துளையைப்போல் இருமடங்கு இருத்தல் நலம். பின்னர் நான்கைந்து நாள் நிழலில் புரட்டிப் புரட்டி உலர்த்துக. வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திச் சுருங்கி வெடிக்கும்.

சுடுதல்

சுடுமுன் மணிகளை மணலிட்ட சட்டியில் வைத்து இளஞ்சூட்டில் சில மணி நேரம் காய்ச்சவேண்டும். மேலே பிடித்த குளிர்ந்த தட்டில் ஆவி படியாதாயின் ஈரம் போயிற்றென அறியலாம். ஈரம் எஞ்சினால் நெருப்பில் அது நீராவியாகி மணியைப் பிளந்துவிடும். பிறகு பழைய சட்டியொன்றில் அவற்றை இட்டு, ஒரு முழ ஆழக் குழியில் வறட்டிக்கும் உமிக்கும் நடுவே வைத்துச் சுடுக. சுமார் 600 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் களிமண்ணோடு இரசாயன முறையில் பிணைந்துள்ள நீர் பிரிந்துவிடுவதால், அம்மண் மீண்டும் சேறாவதில்லை. காற்றுப்படும்படி சுட்டால் மண்ணிலுள்ள இரும்பினால் செந்நிறமும், சட்டிக்குள் உமி நிரப்பி வாயை மண்ணால் பூசிச் சுட்டால் கருநிறமும் உண்டாகும். நெருப்பு முற்றும் ஆறிய மறுநாளே திறக்கவேண்டும்.

ஒவ்வொரு சூளையிலிருந்தும் சில மணிகளை எடுத்து இரவு முழுவதும் நீரில் ஊறவிடுக. அவை இளகினால் எஞ்சியவற்றை மறுபடியும் சுடவேண்டும். இச்சோதனையின்றி விற்ற மாலை வியர்வை பட்டு நைந்துபோகும். வாங்கியவர் மறுமுறை வாங்கார். ஈயம் கலந்த வர்ணங்களைப் பூசலாகாது. சிறு குழந்தைகள் மணியை விழுங்கக்கூடுமாதலால் அவர்களுக்கு இம்மாலையை அணிவித்தலும் தகாது.

கோத்தல்

முடிச்சுகளுக்கும் சேர்த்துப் போதிய நீளமுள்ள முறுக்கிய பருத்திக் கயிற்றை நடுவில் மடித்து, அம்மடிப்பைப் பதக்கத் துளையில் நுழைத்து, இரு முனைகளையும் அம்மடிப்பின் வழியே இழுத்தால் பதக்கம் நிலைக்கும். பக்கத்திற்கு ஒன்பது மணிகளைக் கோத்து, மணிதோறும் முடிச்சிடுக. கயிறு அறுந்தாலும் மணிகள் சிதறா. தலை வழியே அணியலாமாதலின் கொக்கி வேண்டுவதில்லை.

விலை நிர்ணயம்

உதாரணமாக, பத்து மாலைக்குக் கயிறும் வறட்டியும் 200 ரூபாய் எனவும், உழைப்பு 16 மணி நேரம் எனவும், மணிக்குக் கூலி 50 ரூபாய் எனவும் கொள்வோம். உடைந்தவை போக எட்டு மாலைகள் தேறினால், கயிறு வறட்டிச் செலவு மட்டும் மாலைக்கு 25 ரூபாய். 30 ரூபாய்க்கு விற்பவள் 5 ரூபாய் லாபமென எண்ணுவாள். கூலி 800 ரூபாயையும் சேர்த்தால் அடக்கவிலை 125 ரூபாய். ஆகவே மாலைதோறும் அவளுக்கு 95 ரூபாய் நஷ்டம்; அவள் உழைப்பின் பயன் வியாபாரியைச் சேருகிறது.

1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கே வழிசெய்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, விற்பனை முதலிய நோக்கங்களுக்கும் சங்கம் அமைக்க இடமளித்தது. ஓர் ஊரில் பத்துப் பெண்கள் கூடி, கயிற்றை மொத்தமாக வாங்கி, ஒரே சூளையில் சுட்டு, நீர்ச்சோதனையில் தேறியவற்றுக்கே பொது அடையாளம் இட்டு, கூலி சேர்த்த விலைக்குக் குறைவாக எவரும் விற்பதில்லையெனத் தீர்மானிப்பாராயின், பேரம் பேசவரும் வியாபாரிக்கு அஞ்சவேண்டியதில்லை. முதற் சூளைக்குக் கடன் வாங்க வேண்டுவதுமில்லை. கைவசமுள்ள மண்ணையும் வறட்டியையும் கொண்டு தொடங்கி, முதல் விற்பனையின் வரவுசெலவை எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொழிலை விருத்தி செய்வதே உத்தமம்.