நோயின் முதல் எது?

"இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது" என்று மருத்துவர் கூறுகிறார். இது நோயின் பெயரா, நோயின் காரணமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவில் மருத்துவத் தத்துவத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூரையும் நீலகிரியையும் தொட்டு நிற்கும் மலைப்பகுதி அட்டப்பாடி. அங்கே 2013-ஆம் ஆண்டு இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் ஊர்களில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவ்வாண்டில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 40 பேர் முதலாண்டிலேயே இறந்தனர். கேரளத்திலோ அந்த எண்ணிக்கை 12 மட்டுமே. நாடு போற்றிய அந்தச் சராசரிக்குள் அட்டப்பாடி மறைந்து கிடந்தது. அங்கே மருத்துவமனை இல்லாமலில்லை. கோட்டத்தறையில் பழங்குடியினருக்கென்றே அரசு சிறப்பு மருத்துவமனை இயங்கி வந்தது. ஆயினும் தாய்மாரிடம் கடும் இரத்தசோகை. குழந்தைகளோ எடை குறைந்து பிறந்தன.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். ஆனால் அட்டப்பாடியில் அரிவாள் செல் நோயும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் சிவப்பணுக்கள் பிறைபோல் வளைந்து விரைவில் அழிகின்றன. இயல்பான சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இவை சில வாரங்கள்கூட வாழ்வது அரிது. இக்குறையை இரும்பு மாத்திரை தீர்ப்பதில்லை. ஒரே நபரிடம் இரண்டு குறைகளும் சேர்ந்திருக்கவும் கூடும். வெளிறிய கண்ணிமையைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய எந்த வைத்தியராலும் இயலாது, ஆய்வுக்கூடம் வேண்டும். பாரம்பரிய வைத்தியத்தைப் போற்றுவோர் சிலர் நவீன மருத்துவத்தை இகழ்வதுண்டு. அவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் நோக்கத்துடன் தேசிய இயக்கம் ஒன்று 2023 ஜூலையில் தொடங்கப்பட்டுள்ளது. பரிசோதனையே அதன் அடிப்படை.

ஆய்வுக்கூடம் சொல்லும் காரணத்தோடு வினா முடிந்துவிடுகிறதா? இரும்புச்சத்து ஏன் குறைந்தது? உணவு குறைந்தது. உணவு ஏன் குறைந்தது? இம்மக்கள் முன்பு கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை ஆகியவற்றைத் தம் நிலத்திலேயே விளைவித்து உண்டனர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. பிற்காலத்தில் நிலம் கைமாறியது. ரேஷன் அரிசியே முதன்மை உணவாயிற்று. 1951-இல் அட்டப்பாடி மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. இழந்த நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975-இல் சட்டம் இயற்றியது. அது நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. ஆக, இரத்தத்தில் தொடங்கிய தேடல் நிலப் பத்திரத்தில் வந்து நிற்கிறது.

இது மருத்துவரின் வேலையா என்று கேட்கலாம். 1848-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ, மேல் சைலீசியாவில் பரவிய கொள்ளைநோயை ஆராயச் சென்றார். அப்போது அவருக்கு வயது 26. மருந்துகளைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், அம்மக்களுக்குக் கல்வியும் உரிமையும் வளமும் தேவை என்று அவர் அறிக்கை எழுதினார். நோயை உயிரணுவில் தேட வேண்டும் என்று பின்னர் உலகுக்குக் கற்பித்தவரும் அவரே. நுண்ணோக்கியும் சமூக நோக்கும் ஒருவரிடமே இணைந்திருந்தன.

திருவள்ளுவரின் 'மருந்து' அதிகாரமும் இவ்வகையில் சிந்திக்கத் தக்கது. அதன் பத்துக் குறட்பாக்களில் ஆறு உணவைப் பற்றியவை; மருத்துவன் செய்ய வேண்டுவன கடைசி மூன்றில்தான் வருகின்றன. அட்டப்பாடியிலும் 2013-க்குப் பின் ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. சிறுதானியச் சாகுபடிக்கும் அரசு திட்டம் வகுத்தது. அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றன. சந்தைக்குப் போகும் அவரை, விளைவித்தவர் வீட்டுக் குழந்தையின் தட்டுக்கும் வருகிறதா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

சிகிச்சைக்கு அங்கங்கள் நான்கு என்பதில் சரகரும் வள்ளுவரும் உடன்படுகின்றனர்: மருத்துவன், மருந்து, பணிவிடை செய்பவன், நோயாளி. ஆனால் சரகர் மருத்துவனை முதலில் வைக்கிறார். வள்ளுவர் நோயுற்றவனை முதலில் வைக்கிறார். யாப்பின் தேவை என்று இதைத் தள்ளிவிடலாம். எனினும், நோயாளியின் உணவையும் நிலத்தையும் கேட்கத் தொடங்கும் மருத்துவம் வள்ளுவரின் வரிசையைத்தான் பின்பற்றுகிறது.

நான்கு அங்கங்களில் இன்று மிகக் குறைவாகப் பேசப்படுவது பணிவிடை. அதன் அருமையைக் காண இடுக்கி மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். மூணாற்றுக்கு அப்பால், காட்டினுள், முதுவர் வாழும் இடமலக்குடி உள்ளது. 2010-இல் அமைந்த இது கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. வாகனம் செல்லாத குடிகளிலிருந்து நோயாளியைக் கம்பில் கட்டிய துணியில் கிடத்தி, ஊரார் முறைவைத்துச் சுமந்து காட்டைக் கடக்கின்றனர். மருத்துவரைக் காணும் வரையில் நோயாளியின் உயிர் அவர்கள் தோளில்தான் இருக்கிறது. நிறைமாதப் பெண்ணை இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துவது, இரத்தம் வழியும் காயத்தை விடாமல் அழுத்திப் பிடிப்பது, மயங்கியவரின் மூச்சுவழி அடைபடாமல் காப்பது ஆகியவற்றைச் சில நாட்களில் அவர்களுக்குப் பயிற்றுவிக்க முடியும். சாலை அமைந்து முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.