உனக்கென்று உலை வை

கும்பகோணம்,
மார்கழி 22

அன்புள்ள குழந்தைக்குப் பெரியம்மா அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு காலத்தில் விடியுமுன் எழுந்து விதவிதமாகச் சமைத்துப் போடுவதையே பெரிய சந்தோஷமாகக் கொண்டிருந்த உனக்கு, இப்போது அடுப்பங்கரைக்குள் கால் வைக்கவே மனம் கூசுகிறது என்றும், தை பிறக்கும்போதாவது பழைய உற்சாகம் திரும்புமா என்றும் கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, உன் அம்மாவுக்கு வேளைக்கு வேளை பத்தியக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சம் வைத்த பாத்திரத்தைத் தினமும் கழுவிக் கவிழ்த்தவள் நீ. அந்த அடுப்பைக் கண்டதும் அந்தக் கஞ்சியே ஞாபகத்துக்கு வருவது இயற்கை. அதற்காக நீ வெட்கப்பட வேண்டாம்.

ஆனால், "எனக்கு ஒருத்திக்கு எதற்கு அடுப்பு?" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதே கேள்வியைக் கேட்டு, வீட்டில் மற்றவர் இல்லாத நாட்களில் பழைய சோற்றையும் ஊறுகாயையும் கொண்டு பசியை அடக்கி, அதைச் சிக்கனமென்றும் தியாகமென்றும் நினைத்து வந்திருக்கிறார்கள். பிறருக்கு அன்னமிடுவது பெரிய தர்மம். ஆயினும் தன் தேகத்தை அன்னத்துக்கு அருகதையற்றதாகக் கருதுவது எந்தத் தர்மத்திலும் சேராது. ஆகையால், பிரியம் திரும்பட்டும் என்றும் காத்திராதே, விருந்தாளி வரட்டும் என்றும் காத்திராதே. உனக்கென்று உலை வை. கை சிரத்தையோடு தொடங்கினால் மனம் தானே பின்னால் வரும்.

முதல் நாளே கூட்டு, பொரியல் என்று பிரயத்தனப்பட வேண்டாம். மிளகு ரசமும் சாதமும் போதும். பரணிலிருக்கும் உன் அம்மாவின் ஈயச்சொம்பை இறக்கித் துலக்கு. அதிலிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடுமாதலால், புளிநீரை வார்த்த பிறகே அதை அடுப்பில் ஏற்ற வேண்டும். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து, பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்பு நீரை விளாவி, அப்போதே பொடித்த மிளகையும் சீரகத்தையும் தூவிய பிறகு, நீ அடுப்பை விட்டு நகரக்கூடாது. ஓரத்தில் கூடிய நுரை நடுவை நோக்கிப் பொங்கி வருகிற தறுவாயில் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் மிளகின் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். பிறகு நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டு. புது அரிசியானால் தண்ணீரைக் குறைத்து வை; பழைய அரிசிக்கு வைக்கிற அளவு வைத்தால் குழைந்துவிடும். நுரை கட்டுவதைப் பார்த்து நிற்கிற அந்தச் சில நிமிஷங்களில் நேற்றைக்கும் நாளைக்கும் மனம் ஓட முடியாது. அந்த ஓய்வுதான் உனக்கு இப்போது அவசியம்.

இளமையிலேயே கணவரை இழந்த எஸ். மீனாட்சி அம்மாள், தம் கைப்பக்குவத்தைக் கேட்டு எழுதிய உறவினருக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதி வந்து, பின்னர் 1951-ல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். அருகில் நின்று சொல்லித் தரப் பெரியவர்கள் இல்லாத எத்தனையோ பெண்களுக்கு அது துணையாயிற்று. துக்கம் வந்த வீட்டிலும் கையிலுள்ள வித்தை அழிந்துபோவதில்லை என்பதற்கு அந்த அம்மாளைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

காலமான உன் அம்மாவுக்கு இன்னும் வருஷாப்திகம் ஆகாததால் இந்தத் தையில் உனக்குப் பண்டிகை இல்லை. சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். பண்டிகை இல்லையென்றால் அடுப்பும் இல்லையென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சிலநாள் உனக்காக மட்டும் சமைத்து, நின்றுகொண்டு விழுங்காமல், இலையோ தட்டோ போட்டு உட்கார்ந்து சாப்பிடு. அது பழகிய பின், அரை ஆழாக்கு அரிசி கூடப் போட்டு, எதிர்வீட்டில் தனியாக இருக்கிற அந்தப் பாட்டியையும் அழைத்துக்கொள். முதலில் நீ, பிறகு பிறர்; இந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

அடுத்த கடிதத்தில் மனம் எப்படி இருக்கிறதென்று நீ விஸ்தாரமாக எழுத வேண்டாம்; என்ன சமைத்தாய், அதில் உப்பு சரியாக இருந்ததா என்று மட்டும் எழுது. மற்றதை நானே தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தையே கோரும்
பெரியம்மா