புகையானில் தூய வழி வளர்ப்பும் மரபணு ஆராய்ச்சியும்

விதைப் பண்ணையில் கலவன் செடிகளை ஏன் பிடுங்கி எறிகிறோம் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சியின் மரபணுவை ஆராயும் கூடத்திலும் முதல் வேலை கலப்பை நீக்குவதே.

நெல் வயலைத் திட்டுத் திட்டாகக் காய வைக்கும் புகையானின் முழு மரபணுத் தொகுதியைச் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் முன்னின்று வாசித்து 2014-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதில் சுமார் 114 கோடி எழுத்துக்கள் உள்ளன. அவ்வளவையும் ஒரே மூச்சில் வாசிக்கும் கருவி கிடையாது. டி.என்.ஏ. இழையைத் துண்டுகளாக வாசித்துப் பின்னரே ஒட்டுகின்றனர். ஒரு புகையானின் நீளம் 3 முதல் 4 மில்லி மீட்டர்தான். அதிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பம். ஆகவே பல பூச்சிகளைச் சேர்த்து அரைக்க வேண்டியிருந்தது. வயலில் பிடித்த பூச்சிகளோ ஒன்றைப் போல் ஒன்று இரா. தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக ஒரே பூச்சிக்குள்ளும் இரு படிகள் உண்டு. இவை வேறுபட்டால் துண்டுகளை ஒட்டும்போது குழப்பம் நேரும். (ஆண் தேனீயில் இத்தொல்லை இல்லை. கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் அதற்குத் தாய் வழிப் படி மட்டுமே உண்டு.)

தூய வழியை உண்டாக்க, எதிர்ப்புத் திறனற்ற தைச்சுங் நேட்டிவ் 1 போன்ற ரகத்தின் நாற்றில் ஒரு தாய்ப்பூச்சியை மட்டும் விட்டு முட்டையிடச் செய்யலாம். அதன் குஞ்சுகள் கடைசித் தோலுரிக்கும் முன்பே அவற்றைத் தனித்தனிக் குழாய்களில் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் எது எதனுடன் சேர்ந்தது என்று தெரியாது. பிறகு உடன்பிறந்த ஆண் ஒன்றையும் பெண் ஒன்றையும் இணை சேர்க்க வேண்டும். இவ்வாறு பத்துத் தலைமுறை சென்றால், கணக்குப்படி, இரு படிகளுக்கிடையே முதலில் இருந்த வேறுபாட்டில் 89 சதம் மறைந்துவிடும். இருபதில் 98 சதத்திற்கும் மேல். ஆனால் நெருங்கிய உறவில் சேர்வதால் முட்டை பொரிப்பது குறையும், சில வழிகள் அடியோடு அழியும். எனவே பல வழிகளை ஒரே சமயத்தில் வளர்ப்பதே விவேகம்.

டி.என்.ஏ. எடுக்கும் முறை கேட்பதற்கு எளிது. பூச்சிகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கி, சோப்புத் தன்மையுள்ள கரைசலிலும் புரதத்தைச் செரிக்கும் நொதியிலும் ஊறவைக்கின்றனர். பீனால், குளோரோபார்ம் கொண்டு புரதத்தை அகற்றிக் குளிர்ந்த ஆல்கஹால் சேர்த்தால் டி.என்.ஏ. வெண்ணிற நூலாகத் திரளும். வேகமாகக் குலுக்கினால் நீண்ட இழை அறுந்துபோகும். இலை தின்னும் புழுவாக இருப்பின் முன்னதாகப் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்குவர். புகையானுக்கு அது மட்டும் போதாது. அதன் கொழுப்புத் திசுவில் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றின் எழுத்துக்களைப் பின்னர்ப் பிரித்தெடுக்க வேண்டும்.

2019-இல் ஒரே ஒரு அனாபிலஸ் கொசுவின் டி.என்.ஏ.-விலிருந்தே மரபணுத் தொகுதியைத் தொகுத்துக் காட்டினர். ஆயினும் தூய வழியின் தேவை தீரவில்லை. இமிடாகுளோபிரிட் மருந்துக்குச் சாகாத புகையானில் அம்மருந்தைச் சிதைக்கும் நொதியின் மரபணு ஒன்று மிகுதியாக இயங்குவதைக் கண்டுள்ளனர். இத்தகைய வேறுபாட்டைத் தெளிவாகக் காண, ஒப்பிடுவதற்குச் சீரான பூச்சி வேண்டும். 1973-இல் வெளிவந்த ஐ.ஆர். 26 நெல்லின் எதிர்ப்புத் திறன் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சில ஆண்டுகளிலேயே முறிந்தது. அங்கும் மாறியது பூச்சியே, நெல் அன்று.

ஆராய்ச்சிக்காகத் தங்கள் வயலில் புகையான் சேகரிக்க வருவோரிடம் நெல் ரகம், தெளித்த மருந்தின் பெயர், தெளித்த தேதி ஆகியவற்றைத் தவறாமல் தெரிவியுங்கள். தெளித்த பின்னும் பிழைத்த பூச்சிகள் இருப்பின் அவற்றைத் தனியே பிடித்துக் கொடுங்கள்.