பிரிட்டனில் வீகன் பிள்ளைகளுக்கு எந்தச் சைவ ஹோட்டல்?

லீட்ஸில் படிக்கும் என் அண்ணன் மகள் வீகனாகி மூன்று வருடம் ஆகிறது. போன முறை அவளைப் பார்க்கப் போனபோது, "சைவ ஹோட்டல்தானே, தைரியமா வா" என்று நான்தான் ஓர் இந்திய உணவகத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே பியூர் வெஜ் என்று பலகை. ஆசையாக வெண்பொங்கல் வாங்கினாள். ஒரு வாய் வைத்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். "அத்தை, இதுல நெய்." அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவள் சாப்பிட்டது இரண்டு வடை மட்டும்.

தப்பு என்னுடையதும்தான். நம் கணக்கில் பால், தயிர், நெய் எல்லாமே சைவம். வீகனுக்கு மூன்றுமே ஆகாது. அதனால் கடையின் பெயரை விட, அது எந்த ஊர்ச் சமையல் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பால் எங்கே ஒளிந்திருக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

வட இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு முதலில் பண்டோபஸ்த். மயூர் பட்டேலும் மார்கோ ஹூசாக்கும் 2014-ல் லீட்ஸில் தொடங்கிய சின்னச் சங்கிலி இது. பிறகு மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் போனது. குஜராத்தி வாசனையுள்ள தெருவோரத் தீனிதான் இங்கே. மெனுவில் எது வீகன் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். பரிமாறுபவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. கடலைமாவில் புரட்டிப் பொரித்து, மாங்காய்ப் பொடியும் கருப்பு உப்பும் தூவிய வெண்டைக்காயை அவசியம் வாங்குங்கள். வெண்டைக்காயைத் தொடாத பிள்ளைகூடக் கிண்ணத்தைக் காலி செய்யும். ஆனால் சாதம், குழம்பு, கூட்டு என்று உட்கார்ந்து சாப்பிட நினைப்பவருக்கு இது தோதுப்படாது. பியரும் இங்கே முக்கியமான வியாபாரம். சத்தமும் அதற்கேற்றபடி இருக்கும். ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியோடு போனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லண்டனில் தென்னிந்தியச் சாப்பாடு என்றால் 1981-ல் சென்னை கே.கே. நகரில் பிறந்த சரவண பவனின் கிளைகள் நினைவுக்கு வரும். மெட்ராஸிலிருந்து போன உட்லண்ட்ஸும் உண்டு. இட்லியும் மெதுவடையும் பெரும்பாலும் பயமில்லை. தோசையில்தான் கவனம் வேண்டும். மாவில் பிரச்சினை இல்லை, மேலே விடுவதில்தான் பிரச்சினை. எண்ணெயில் சுடச் சொல்லுங்கள். பக்கத்து மேசைக்குப் போன நெய் ரோஸ்ட்டின் மிச்சம் கல்லில் இருக்கும் என்பதால் கல்லைத் துடைக்கவும் சொல்லுங்கள். ரவா தோசைக்குச் சிலர் மோர் விட்டுக் கரைப்பார்கள். தேங்காய்ச் சட்னியில் தயிர் கலக்கும் சமையல்காரர்களும் இருக்கிறார்கள். பொங்கல், கேசரி இரண்டையும் கேட்காமலே தள்ளிவிடலாம்.

வீகன் வயிற்றுக்கு என் முதல் தேர்வு கேரளச் சைவச் சமையல்தான். தாஸ் ஸ்ரீதரன் 1994-ல் லண்டன் ஸ்டோக் நியூவிங்டனில் தொடங்கிய ரசா, இந்தச் சமையலை அங்கே பலருக்கு அறிமுகப்படுத்தியது. மற்ற இடங்களில் பாலும் நெய்யும் செய்யும் வேலையை இங்கே தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் செய்துவிடும். ஓலன் பூசணிக்காயும் காராமணியும் தேங்காய்ப்பாலில் வெந்தது. தோரன் துருவிய தேங்காயில் பிரட்டியது. இவற்றில் எதையும் எடுத்துவிட்டு, குறைத்துவிட்டுத் தர வேண்டியதில்லை. சமைத்ததே அப்படித்தான். வீகன் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, ஒவ்வொரு தட்டையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். அவியலில் தயிர் உண்டு, காளனிலும் உண்டு. அந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெம்ப்ளி பக்கம் போனால் ஈலிங் ரோட்டில் சகோனிஸ். ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்து பிரிட்டன் வந்த குஜராத்திகளின் ருசி. மோகோ என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு வறுவலும் பேல் பூரியும் நல்ல தேர்வு. டோக்ளா மாவில் தயிர் இருக்கலாம், ரொட்டியின் மேல் நெய் தடவியிருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கே போனாலும் ஒரு சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2014 டிசம்பர் முதல் பிரிட்டன் உணவகங்கள், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எவை உணவில் சேர்கின்றன என்பதைத் தெரிவித்தாக வேண்டும். பாலும் அதில் ஒன்று. நெய், தயிர், பன்னீர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். "இது வீகனா?" என்று கேட்டால் அவசரத்தில் "வெஜ்தான்" என்று பதில் வரும். அலர்ஜி அட்டவணையைக் கேட்டு வாங்கி, பால் என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒன்றை அது காட்டிக்கொடுக்காது: வீகன்கள் தவிர்க்கும் தேன் அந்த 14-இல் இல்லை. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். ஒரே வாணலியில் பன்னீர் பக்கோடாவும் பொரிகிறதா என்பதையும் அப்படியே.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் கேட்பது இன்னும் சுலபம், தமிழிலேயே கேட்கலாம். நான் ஊருக்குத் திரும்பும் முன் அண்ணன் மகளை அங்கே ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, அவளே கேட்டாள்: "அண்ணா, நெய் வேண்டாம், எண்ணெயிலயே ஊத்தச் சொல்றீங்களா?" அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மாஸ்டர், ஒரு சாதா, எண்ணெயில! கல்லைத் துடைச்சுட்டு ஊத்துங்க!" தண்ணீர் தெளித்த கல் சீறும் சத்தம் எங்கள் மேசை வரை கேட்டது. தோசை வந்ததும் அவள் முறுகலான ஓரத்தைப் பிய்த்து முதலில் என் தட்டில் வைத்தாள்.