சின்ன லேப்டாப்போடு குடித்தனம்

எங்கள் வீட்டில் லேப்டாப் இரண்டு. பெரியது, மகள் பன்னிரண்டாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. சின்னது, அவள் வேலைக்குப் போன பிறகு எனக்கென்று வாங்கி அனுப்பியது. 11.6 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. கீரைக்கட்டோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு பனமலையிலிருந்து செஞ்சிக்கு பஸ் ஏறலாம். ஏறியிருக்கிறேன்.

இந்த மாதிரிக் குட்டிகளை ஒரு காலத்தில் நெட்புக் என்றார்கள். 2007-இல் ஏசஸ் நிறுவனம் ‘ஈ பிசி’ என்று 7 அங்குலத் திரையில் ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் சந்தையைத் திறந்தது. ஆறேழு வருடத்தில் அந்தப் பெயர் மங்கிவிட்டது, சாதி மட்டும் அழியவில்லை. 2023-இல் வந்த ஜியோபுக் 990 கிராம்தான், வந்தபோது விலை 16,499 ரூபாய். மகளிர் குழுக் கணக்கு, பட்டா, கரன்ட் பில், பேரன் வீட்டுப்பாடம் என்று நாலு வருடமாக என்னுடையதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. வாங்கும்போது கடைக்காரர் காட்டும் கலரைப் பார்க்காதீர்கள், இரண்டு எண்களைப் பாருங்கள். விண்டோஸ் 11 ஓடவே குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும். 32 ஜிபி சேமிப்பு உள்ளதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்டேட் வரும்போதெல்லாம் இடம் இல்லை என்று அழும். மலிவான குட்டிகளில் ரேம், சேமிப்பு இரண்டையும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்து 8 ஜிபி ரேம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

2. பிரவுசரில் நாலு டேபுக்கு மேல் திறக்காதீர்கள். ஏர் உழ ஆட்டுக்குட்டியைப் பூட்டினால் அது படுத்துத்தான் கொள்ளும். பாட்டு கேட்க வேண்டுமா, போனில் கேளுங்கள். கணக்கு மட்டும் இதில் போடுங்கள்.

3. திரை சின்னது, பார்வை மங்குகிறது என்று புலம்புகிறவர்கள் பிரவுசரில் எஃப்11 விசையை அமுக்கிப் பார்க்கட்டும். மேலும் கீழும் உள்ள பட்டைகள் மறைந்து முழுத் திரையும் கிடைக்கும். மறுபடி அமுக்கினால் பழையபடி வரும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும்.

4. என்னுடையதில் ஃபேன் கிடையாது. சத்தம் வராது, தூசியையும் இழுக்காது, அது நல்லதுதான். ஆனால் உள்ளே உள்ள சூடு பெரும்பாலும் அடிப்பக்கத்து உடம்பு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் மத்தியானம் வைத்துக்கொண்டிருந்தேன், குழுக் கணக்கில் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு அது திரையில் விழ எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கெட்டுப்போகவில்லை, சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கு நான் கண்ட வழி, மணைப்பலகை. பலகையின் நாலு மூலையிலும் பாட்டில் மூடி ஒவ்வொன்று ஒட்டி, அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன். அடியில் ஒரு விரல் காற்று ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, “இன்னா பெரிம்மா, லேப்டாப்புக்கு மணை போட்டு உக்கார வெச்சிருக்க, கல்யாணமா?” என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும். கத்திரியில் முடிந்தவரை கணக்கு வேலையை விடியற்காலையில் முடித்துவிடுகிறேன்.

5. சார்ஜில் இருக்கும்போது மேலே கை வைத்தால் ஜிவ்வென்று இருக்கிறதா? இரண்டு முனை பிளக் கொண்ட சார்ஜரும் உலோக மூடியும் சேர்ந்தால் அப்படி இருப்பது உண்டு. மூன்று முனை பிளக் சார்ஜராக இருந்து இப்படி என்றால் வீட்டில் எர்த் சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மிக்ஸியும் கிரைண்டரும் அதே எர்த்தில்தான் ஓடுகின்றன.

6. கரன்ட் செலவு பற்றி மாமியார் கேட்டால் சொல்ல ஒரு கணக்கு: குட்டி லேப்டாப் சாதாரண வேலையில் 10 வாட் அளவில் இழுக்கும். அப்படியானால் 100 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு குண்டு பல்புக்கே 60 வாட்.

பேட்டரிக்கு ஆகாதது இரண்டு: சூடு, எப்போதும் முழு வயிறு. நாள் முழுக்க வயரைச் செருகியே வைக்காதீர்கள். 80-க்கு வந்ததும் எடுங்கள், 30-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். சிலவற்றில் 80-லேயே நிறுத்தும் வசதி செட்டிங்கில் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை கரன்ட் நிறுத்தம் என்று பேப்பரில் வந்தால் மட்டும் முந்தின ராத்திரி 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். விரலால் தடவும் அந்தச் சதுரம், டச்பேட், பொரித்த அப்பளம் போல எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கியும் பார்க்காதீர்கள். நேராக மெக்கானிக்.

7. எறும்பு. முறுக்கு தின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதும் பேரன் இருக்கும் வீட்டில் இது வராமல் இருக்காது. விசைகளுக்கு இடையில் விழுந்த தூளுக்கு வரிசையாக வரும், உள்ளே இருக்கும் கதகதப்பு பிடித்துப்போய் குடியேறியும் விடும். எறும்பு மருந்தை ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரம் உள்ளே போகும். அணைத்துவிட்டு, கவிழ்த்துப் பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டி, புது பெயின்ட் பிரஷ்ஷால் வரிசை வரிசையாகக் கூட்டி எடுங்கள். இங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்கிற நாளில் வீடு முழுக்கப் புழுதி. அந்த நாட்களில் வேலை முடிந்ததும் பழைய தலையணை உறைக்குள் போட்டு வைப்பது என் வழக்கம்.

8. தமிழில் தட்டுவதற்கு ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றிப் போகாதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிர் எழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அகரம் ஏறிய எழுத்துக்கு ஒரே தட்டு. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டும் இலவசம், அவற்றில் ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘பட்டா’ எழுத ப, ட, ட, ஆ என்று நாலே தட்டு. குட்டி விசைகளில் தட்டு குறைவது விரலுக்கும் விசைக்கும் சுகம். பதினைந்து நாள் எரிச்சலாக இருக்கும். குழுவின் தீர்மான நோட்டில் கையால் எழுதும் வேகம் வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

9. நல்லாத்தானே இருந்தது, திடீரென்று எந்த இணையதளமும் திறக்காமல் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டுகிறதா? முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பெட்டியில் ஆறு மாதம் போட்டு வைத்திருந்த பெரிய லேப்டாப் இப்படித்தான் பயமுறுத்தியது. வைரஸ் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்தால் அதன் கணக்கில் அது இன்னும் பல வருடம் பின்னால் இருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தேதி உண்டு, தேதி பொருந்தாவிட்டால் பிரவுசர் கதவைத் திறக்காது. தேதியைச் சரிசெய்தேன், எல்லாம் வந்தது. மறுபடி மறுபடி தேதி தவறினால் உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டும். பெரிய செலவில்லை.

10. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் போட்ட டேட்டாவை அப்டேட் மத்தியானத்துக்குள் குடித்துவிடும்.

11. ஆதார் பிடிஎஃப் இறக்கிவிட்டுப் பாஸ்வேர்டு தெரியாமல் முழிக்கிறவர்கள் எங்கள் குழுவில் மாதம் ஒருவர். பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம் சேர்த்து, நடுவில் இடைவெளி விடாமல். அவ்வளவுதான். வெளியில் கொடுக்க, கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளுங்கள். பலரும் தொடும் லேப்டாப்பில் பேங்க் பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள்.

12. எங்கள் ஊர்க் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சின்னச் சந்நிதிச் சுவரில், குடை நிழலில், ஒரு காலை மடித்து நிற்கும் பார்வதி இன்னும் கண்ணில் நிற்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த சிவனின் ஆட்டம் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டது. 1,300 வருடத்தில் சுவருக்கு வந்தது, குட்டி லேப்டாப்பின் போர்டுக்கு ஒரே இடியில் வரும். சேமிப்பு போர்டோடு பற்றியிருப்பதால், போர்டு போனால் படங்களைக் கழற்றி எடுக்கவும் முடியாமல் போகலாம். குழுக் கணக்கை ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பென் டிரைவில் ஒரு நகல், மகளின் மெயிலுக்கு ஒரு நகல். பென் டிரைவை லேப்டாப் பையிலேயே வைக்காதீர்கள், பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையும். என்னுடையது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

13. மழை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. கரன்ட் போய், கூரை ஒழுகிய வீடுகளில் பள்ளிப் பையும் லேப்டாப்பும் சேர்ந்து நனைந்தன. புயல் அறிவிப்பு வந்ததும் அணைத்து, பாலித்தீன் உறையில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். இடி இடிக்கும்போது சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது, சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். நனைந்துவிட்டதா, ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உள்ளே தண்ணீரோடு கரன்ட் பாய்வதுதான் போர்டைக் கொல்கிறது. துடைத்து, பாதி திறந்து கூடாரம் போலக் கவிழ்த்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள். அரிசியில் புதைப்பதில் பிரயோசனம் இல்லை, தவிட்டுத் தூள் உள்ளே போவதுதான் மிச்சம்.

14. மூடியை ஒரு மூலையைப் பிடித்து இழுத்துத் திறக்காதீர்கள். மலிவு லேப்டாப்பில் கீல் பிளாஸ்டிக்கில் நிற்கிறது. நடுவில் பிடித்துத் திறந்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பாரம் ஏறும். சார்ஜ் ஏறாமல் போனால் உடனே கடைக்கு ஓடாமல், வேறொரு ஒத்த சார்ஜரில் போட்டுப் பாருங்கள். நான் ஓடினேன். ஒரு கடையில் ‘மதர்போர்டு போச்சு’ என்று 6,000 ரூபாய் சொன்னார்கள். கடைசியில் பழுது சார்ஜர் வயரில், முனைக்குப் பக்கத்தில் மடங்கிய இடத்தில். சுருட்டும்போது அந்தக் கழுத்தை ஒடிக்காமல் தளர்வாகச் சுற்றுங்கள்.

15. பழைய விலையில்லா லேப்டாப்பைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பெரியதில் சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல எஸ்எஸ்டி போட்டோம், ரேமைக் கூட்டினோம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பராமரிப்பு முடிந்துவிட்டது, 11-ஐ ஏற்றுக்கொள்ளும் வயது இதற்கு இல்லை. அதனால் மகள் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தாள். பேட்டரி செத்துப்போனது, எப்போதும் வயரோடுதான் ஓடும், ஆகவே எங்கும் எடுத்துப்போவதில்லை. கூடத்து ஜன்னலோரம் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. பேரன் முறுக்கோடு அதன் முன்னால்.