பேஸ் கிடார் வாங்கப் போகும் யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

புது பேஸ் கிடாருக்காக இரண்டாயிரம் வெள்ளி சேர்த்துவிட்டாய், பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறாய். கல்லூரி நேரம் போகப் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் அது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இன்னும் இரண்டு மாதத்துக்கு அந்தப் பணத்தைத் தொடாதே. உன் கையில் இருக்கும் ஜாஸ் பேஸ் வகைக் கிடார் நல்ல கிடார்தான். நீ சொல்லும் குறைகளுக்கு விலையுயர்ந்த இன்னொரு கிடார் மருந்தாகாது.

வீட்டில் கம்பீரமாகக் கேட்கும் ஒலி, சமூக மன்றத்தில் குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போகிறது என்கிறாய். எல்லாரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆம்ப்பில் அடிஒலிக் குமிழை ஏற்றுவோம், நடுஒலியைக் குறைப்போம், மேல்ஒலியைக் கொஞ்சம் மினுக்குவோம். அறை அதிரும், சுகமாக இருக்கும். குழுவுக்குள் போனதும் மிருதங்கத்தின் தொப்பி, தபேலாவின் டக்கா, கீபோர்டு வாசிப்பவரின் இடது கை எல்லாம் அதே அடித்தளத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீ குறைத்துவைத்த நடுஒலிதான் உன்னை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியிருக்க வேண்டியது.

உன் கிடாரின் தடித்த ஈ கம்பி, விரல் வைக்காமல் மீட்டினால், வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. சின்ன ஸ்பீக்கரால் 41-ஐ வெளியே தள்ளவே முடியாது. ஆனாலும் மேலேயுள்ள மடங்குகளைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டிய ஸ்வரத்தை நம் காதும் மூளையும் தாமாகவே கட்டிக்கொள்கின்றன. இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அவர் வாசித்த அந்தக் காலத்துப் பாட்டுகளை நம் வீடுகளில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் கொண்ட கேசட் பெட்டியில்தான் கேட்டோம். அப்படியிருந்தும் பேஸ் ஓட்டத்தை வாயால் பாடிக்காட்டும் ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். 1980-ல் வந்த ‘மூடுபனி’ படத்தில் யேசுதாஸ் பாடிய பாட்டை இன்று இரவு ஹெட்போனில் ஒருமுறை, கைப்பேசியின் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பார். பேஸ் இரண்டிலும் கேட்கும், ஏனென்றால் அதில் நடுஒலி இருக்கிறது. அடுத்த ஒத்திகையில் ஆம்ப்பின் குமிழ்களையெல்லாம் நடுவில் வைத்துத் தொடங்கு. 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்று, 40-க்குக் கீழே துணிந்து வெட்டு. தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். பயப்படாதே, எல்லாரும் வாசிக்கத் தொடங்கியபின் முடிவு செய்.

உன் கிடாரிலேயே இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்அப்புகள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் சில மடங்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுஒலி கொஞ்சம் குழிந்துவிடும். ஒன்றைச் சற்றே இறக்கினால் அந்தக் குழி நிரம்பும். ஆனால் அப்போதுதான் நீ சொன்ன முனகல் எட்டிப்பார்க்கும். இரண்டு பிக்அப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது அழித்துவிடுகிறது, ஒன்றைக் குறைத்ததும் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. நம் சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். முனகல் உன் பாட்டின் சுருதிக்குப் பக்கத்திலேயே நின்று உரசுவதால்தான் அவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

இதற்குத் தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்திலேயே மருந்து கிடைக்கும். ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போ. மின்னணு உதிரி பாகங்கள் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பின்பக்கம் பசையுள்ள செம்பு நாடா ஒரு சுருள் வாங்கு. பிக்அப்பும் குமிழ்களும் உட்காரும் குழிகளின் உள்சுவர் முழுக்க அதை ஒட்டி, எர்த் கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்தால், விளக்குகளிலிருந்தும் டிம்மர்களிலிருந்தும் வரும் ‘ஜ்ஜ்’ என்ற இரைச்சல் பெருமளவு அடங்கும். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலமாக வரும் ‘ம்ம்’ இதற்கு அடங்காது, அதற்கு ஆம்ப்பை விட்டு இரண்டடி தள்ளி, கொஞ்சம் திரும்பி நில். இந்தத் தொல்லையே இல்லாத அமைப்பு லியோ ஃபெண்டரிடமிருந்து 1957-லேயே வந்துவிட்டது. 1951-ல் வந்த பிரிசிஷன் பேஸின் ஒற்றைப் பிக்அப்பை இரண்டு துண்டாக்கி எதிரெதிராகச் சுற்றிவைத்தார்கள். ஜாஸ் பேஸ் அதற்குப் பிறகு, 1960-ல் வந்தது. இரண்டு மாதம் கழித்தும் உனக்கு இன்னொரு கிடார் வேண்டுமென்று தோன்றினால், பழைய பிரிசிஷன் வகை ஒன்றைத் தேடு என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சிம் லிம் டவரில் இருக்கும்போதே கப்பாசிட்டர் ஆசை வரும். டோன் குமிழுக்கு 0.047 மைக்ரோஃபாரட் போதும், அதன் மதிப்புதான் காதுக்குத் தெரியும். எண்ணெயில் ஊறிய பழங்காலக் கப்பாசிட்டர் என்று பத்து மடங்கு விலை சொன்னால் வாங்காதே. குமிழ் கரகரத்தால் மட்டும் புதிய 250 கிலோ ஓம் பொட் போடு. பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப்பும் இப்போதைக்கு வேண்டாம். ஆம்ப்பில் குமிழ்களை எப்படி வைப்பது என்று கைக்கு வந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

கம்பிக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய். ஒரே கிடாரை இரண்டு கிடாராகக் கேட்க வைப்பது கம்பிதான். வட்டச் சுற்றுக் கம்பி புதிதாக இருக்கும்போது பளபளவென்று பாடும். நம் ஊர் வியர்வையில் சில வாரங்களிலேயே மங்கிவிடும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் கொஞ்சம் தாங்கும். தட்டைச் சுற்றுக் கம்பி விலை அதிகம், ஆனால் ஆண்டுக்கணக்கில் வரும், உருண்டையான, அடக்கமான ஒலி. டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது ஒரு 1962 பிரிசிஷன் பேஸ், அதில் கனமான லா பெல்லா தட்டைக் கம்பிகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். உலகமே ஆடிய அத்தனை பாட்டுக்கும் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நீயும் முஸ்தபாவில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்று வாங்கி, மெல்லிய துண்டாக வெட்டி, பிரிட்ஜுக்கு அருகே கம்பிகளுக்கு அடியில் செருகிப் பார். பழைய திரைப்பாட்டுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

ஸ்வரம் சட்டென்று செத்துப்போகிறது என்றாயே, அது ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாம் ஃபிரெட்டுக்குள்தானே? நீண்ட நெக் உள்ள கிடார்களில் பெரும்பாலும் அங்கேதான் வரும். அந்த இடத்தில் கம்பியின் அதிர்வை நெக்கே வாங்கிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கிடாரிலும் இதைக் கேட்டிருக்கிறேன். தலைப்பக்கம் சிறு கனம் மாட்டினால் இடம் கொஞ்சம் நகரும். அதைவிட எளிது, நீண்டு நிற்க வேண்டிய சி ஸ்வரத்தை ஜி கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்குப் பதில் டி கம்பியின் பத்தாம் ஃபிரெட்டில் பிடிப்பது. அங்கே ஒலியும் தடிமனாக இருக்கும்.

நெக்கைப் பற்றி ஒன்று. வெளியே காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது, உன் அறையிலோ இரவெல்லாம் ஏர்கான். மரம் இரண்டுக்கும் நடுவில் கிடந்து வளைகிறது. ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃபிரெட்டில் இடைவெளியைப் பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, 0.3 மில்லிமீட்டர்போல், இருக்க வேண்டும். அதிகமாயிருந்தால், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்குமேல் ஒரே தடவையில் திருகாதே. திருகி, சுருதி சேர்த்து, மறுநாள் மறுபடி பார். ஏர்கான் காற்று நேரே படும் சுவரில் கிடாரை மாட்டாதே. பிக்அப்பைக் கம்பிக்கு மிக அருகே ஏற்றினால் ஒலி பெருகும் என்று நினைத்து ஏற்றியிருந்தால், கொஞ்சம் இறக்கு, காந்தம் கம்பியை இழுத்துப் பிடிப்பதால் ஸ்வரம் கோணலாகும்.

பெரிய ஆம்ப் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். எம்ஆர்டியில் எப்படித் தூக்கிப்போவாய்? மேடையில் ஜனங்களுக்குக் கேட்பது, டிஐ பெட்டி வழியாக மிக்ஸருக்குப் போகும் ஒலி. ஜேமர்சனின் பேஸையும் மோட்டவுனில் பெரும்பாலும் நேரே மிக்ஸரில் செருகித்தான் பதிவு செய்தார்கள். நல்ல டிஐ ஒன்று கைப்பையில் அடங்கும். வீட்டில் ஹெட்போன் ஆம்ப் போதும். அடுக்குமாடியில் பேஸ் ஒலி காற்றைவிடச் சிமெண்டில் நன்றாகப் பயணம் செய்யும், கீழ்வீட்டுப் பாட்டி தூங்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போகும் நாளில், எதையும் செருகாமல் முதலில் வெறுங்கையால் வாசித்துப் பார். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டு. பிறகு ஆம்ப்பின் குமிழ்களை நடுவில் வைக்கச் சொல்லிக் கேள், விற்பவர் ஏற்றிவைத்த அடிஒலியில் மயங்காதே. சனிக்கிழமை மத்தியானம் கிடாரையும் செம்பு நாடாவையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. சால்டரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது, பற்றவைப்பதை நீதான் செய்யப் போகிறாய். சாப்பாடு இங்கேதான் என்று அக்காவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா